கெய்ரோவில் ஒரு பத்லா தேடி

முகமது அலி தெரு

முகமது அலி தெருவில் இப்போது கட்டிலும் சோபாவும்தான் விற்கிறார்கள். அத்தபா சதுக்கத்திலிருந்து கோட்டையை நோக்கி, பழைய கெய்ரோவின் சந்துகளை ஊடறுத்துக்கொண்டு, எகிப்தை ஆண்ட கெதீவ் இஸ்மாயில் 1870களில் போட்ட தெரு இது. வெயில் படாமல் நடப்பதற்காகத் தூணும் வளைவுமாக நடைபாதைக்குக் கூரை கட்டியிருக்கிறார்கள். எகிப்தியக் கல்யாணங்களில் ஆடியவர்களும் பாடியவர்களும் வாத்தியக்காரர்களும் பல தலைமுறைகளாக இந்தத் தெருவிலும் இதன் சந்துகளிலும்தான் குடியிருந்தார்கள். ஆடிப் பாடும் பெண்களுக்கு ‘அவாலிம்’ என்று பெயர். கல்யாணம் நிச்சயமான வீட்டார் இங்கே வந்து, காபிக் கடையில் உட்கார்ந்து குழுவைப் பேசி முடித்து, முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இந்தத் தெருக் கலைஞர்களோடு பழகி ஆராய்ந்த டச்சு மானுடவியலாளர் கரின் வான் நியூவ்கெர்க் 1995இல் ஒரு நூல் எழுதினார். ஆட்டம் என்பது மற்ற எந்தத் தொழிலையும் போல ஒரு தொழில் என்று இவர்கள் கருதியதைத்தான் அந்த நூலின் தலைப்பே சொல்கிறது. தச்சருக்கு உளி எப்படியோ அப்படித்தான் ஆடுகிறவளுக்கு உடுப்பு. வருமானத்துக்குள் வாங்க வேண்டும், பல வருஷம் உழைக்க வேண்டும்.

நான் கெய்ரோவுக்குப் போனதும் உடுப்புக்காகத்தான். சென்னையில் என்னிடம் பெல்லி டான்ஸ் கற்க வருகிறவர்களில் ஒருவர் செவிலியர், ஒருவர் இட்லிக் கடை நடத்துகிறவர், மற்றவர்கள் கல்லூரி மாணவிகள். ஆண்டு விழாவுக்கு உடுப்பு என்று ஆளுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் கேட்க எனக்கு மனம் வராது. பெயர் பெற்ற கெய்ரோ வடிவமைப்பாளர் தைத்த ஒரு ‘பத்லா’, அதாவது மணி கோத்த கச்சும் இடுப்புப் பட்டையும் பாவாடையும் சேர்ந்த உடுப்பு, 400, 500 டாலரைத் தாண்டிவிடும். இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் ஒரு வழி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த நடனம் மேடைக்கு ஏறிய ஊருக்கே போனேன்.

கட்டில் கடைகளுக்கு நடுவே ஊத் என்ற நரம்பு வாத்தியம் செய்கிற பட்டறைகள் இன்னும் சில இருக்கின்றன. ஒன்றில், முதியவர் ஒருவர் குடம் போன்ற அடிப்பாகத்துக்கு மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். என்னோடு வந்த கெய்ரோ தோழி, நடன ஆசிரியை, எங்கள் தேடலை அவரிடம் சொன்னார். அவர் கையை நிறுத்தாமலே பேசினார்.

“எங்க மாடியில ஒரு அம்மா இருந்தாங்க. சின்ன வயசுல பாத்திருக்கேன். ஒரே கச்சு, ஒரே பட்டை. பாவாடை மட்டும் மாறும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புது உடுப்புன்னுதான் ஜனங்க நெனச்சாங்க.”

பல நாள் அலைந்து நான் தெரிந்துகொள்ள இருந்ததை முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். ஆனால் எந்தக் கச்சு, எந்தப் பட்டை, எந்தப் பாவாடை என்பதைக் கடை கடையாகத்தான் கற்க வேண்டியிருந்தது.

அத்தபா, முஸ்கி

கெய்ரோ மெட்ரோவில் பெண்களுக்கென்று நடுவில் தனிப் பெட்டிகள் உண்டு. அத்தபா நிலையத்தில் அந்தப் பெட்டியிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேர் கையில் காலிப் பை இருக்கும். திரும்பும்போது நிரம்பியிருக்கும். பக்கத்தில்தான் ஓபரா சதுக்கம். 1869இல் கட்டிய ஓபரா மாளிகை 1971இல் எரிந்துபோக, அந்த இடத்தில் இன்று பலமாடி வாகன நிறுத்தம் நிற்கிறது.

இந்தச் சதுக்கத்துக்கும் பத்லாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பதியா மஸப்னி என்ற நடிகை 1926இல் கெய்ரோவில் ஒரு கேளிக்கை அரங்கம் திறந்தார். பின்னாளில் ஓபரா சதுக்கத்தில் அதைவிடப் பெரிதாக ‘கேசினோ ஓபரா’வை நடத்தினார். நடனக்காரிகள் தஹியா கரியோக்காவும் சமியா கமாலும் அவரிடம் ஆடி வளர்ந்தவர்கள். கல்யாண வீட்டில் விருந்தாளிகளுக்கு நடுவே ஆடிய ஆட்டம் அங்கேதான் விளக்கொளி விழும் மேடைக்கு ஏறியது. தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இடுப்பின் அசைவு தெரிய வேண்டும் என்பதால் மின்னும் கச்சும் தொங்கல் வைத்த பட்டையும் நிலைபெற்றன. ஹாலிவுட் கற்பனை செய்த கீழைநாட்டு உடுப்பின் சாயலும் அதில் சேர்ந்தது. 1952 ஜனவரி 26 அன்று கெய்ரோ பற்றி எரிந்தபோது முதலில் தீ வைக்கப்பட்ட இடங்களில் கேசினோ ஓபராவும் ஒன்று. அந்த மேடையிலிருந்து கணக்கிட்டால் பத்லாவுக்கு வயது ஏறக்குறைய நூறுதான். வீட்டில் ஆடுகிற பெண்களுக்கு உடுப்பு என்றால் அன்றாடம் உடுத்தும் நீள அங்கியும் இடுப்பில் முடிந்த ஒரு துணியும்தான்.

அத்தபாவிலிருந்து கான் அல்-கலீலிக்குப் போகும் குறுகிய தெரு முஸ்கி. நம் பாரிமுனையில் பூக்கடைப் பக்கம் தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்து பழகியவருக்கு இங்கே மூச்சு முட்டாது. தள்ளுவண்டி, தலைச்சுமை, கூவல், நடுவே வழிவிடச் சொல்லி வரும் ஸ்கூட்டர். சுற்றுச் சந்துகளில் தையல் சாமான் கடைகள். சமிக்கி, கண்ணாடி மணி, கல், சரிகை நாடா, கொக்கி எல்லாம் சுவர் முழுக்கத் தொங்கின.

மணி தேர்ந்தெடுக்கத் தோழி கற்றுக்கொடுத்தார். ஒரு சரத்தை எடுத்து என் கன்னத்தில் வைத்தார். சில்லென்றிருந்தால் கண்ணாடி. இன்னொன்றை வைத்தார். அது பிளாஸ்டிக், உடம்புச் சூட்டை உடனே வாங்கிக்கொண்டது. வித்தியாசம் ஆடும்போதுதான் முழுதாகத் தெரியும். கண்ணாடித் தொங்கலுக்கு எடை இருப்பதால் இடுப்பு நின்ற பிறகும் ஒரு வீச்சு ஆடி முடித்துத்தான் அடங்கும். பிளாஸ்டிக் படபடக்கும், அசைவைக் கலைத்துவிடும். ஆகவே தொங்கலுக்குக் கண்ணாடி, தைத்து அசையாமல் இருக்கும் இடத்துக்குப் பிளாஸ்டிக் போதும். விலையில் பெரிய மிச்சம் இந்த ஒரு கணக்கிலேயே கிடைத்தது.

தோல் நிற நெட் துணியும் மீட்டர் கணக்கில் வாங்கினேன். அதிபர் நாசர் ஆட்சிக் காலத்தில் ஆடுகிறவர்கள் வயிற்றை மூட வேண்டும் என்று விதி வந்ததிலிருந்து, கச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இந்த வலைத்துணி எகிப்திய உடுப்பில் வழக்கமானது. வயிறு தெரிய ஆடக் கூசும் என் மாணவிகளுக்கு இதைவிட மலிவான தீர்வு வேறு இல்லை.

மதியம் கொஷரி சாப்பிட்டோம். சோறு, மக்ரோனி, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, மேலே முறுகப் பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு, பூண்டும் வினிகரும் கலந்த நீர். கூலிக்காரரும் கடைக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் முடித்து எழுந்தார்கள். வயிறு மாலை வரை தாங்கியது.

கான் அல்-கலீலி

மம்லூக் அமீர் ஜஹர்கஸ் அல்-கலீலி 1382இல் இங்கே வணிகர் விடுதி கட்டினார். பாத்திமிய அரச குடும்பத்தின் கல்லறைகள் இருந்த இடம் அது. இன்று உல்லாசப் பயணிகள் வந்து குவியும் சந்தை. வாசலிலேயே காசு வைத்துத் தைத்த இடுப்புத் துணிகள் வண்ண வண்ணமாகத் தொங்கும். பெரும்பாலும் சீனாவிலிருந்து வருபவை. ஒரு முழு பத்லாவின் விலையில் இவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கலாம். வகுப்பில் அணிந்து பழகுவதற்கு நல்லவை, இடுப்பு சரியாக அடிக்கிறதா என்று காதே சொல்லிவிடும். மேடைக்கு உதவாது.

நல்ல உடுப்புகள் மாடியில் இருந்தன. செங்குத்தான படி ஏறிப் போனதும், கடைக்காரர் எங்களை உட்காரவைத்து, புதினா போட்ட தேநீர் வரவழைத்தார். “தொட்டுப் பாருங்க மதாம், பாக்கறதுக்குக் காசு கிடையாது” என்று சொல்லி, ஒவ்வொரு பத்லாவாக எடுத்துக் கண்ணாடி மேசைமேல் பரப்பினார். மரகதப் பச்சை, ஊதா, பொன்னிறம். நான் வெளிப்பக்கத்தை ரசித்துக்கொண்டிருக்க, தோழி ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பினார்.

“அழகு வெளியில, ஆயுசு உள்ள” என்றார்.

லைனிங்கின் ஓரத்தை விலக்கிக் காட்டினார். ஒவ்வொரு தொங்கலும் தனித்தனியாக முடிச்சிடப்பட்டிருந்தது. ஒன்று அறுந்தால் அது மட்டும்தான் போகும். சமிக்கி ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு மணியை நிறுத்தி, நூலை மறுபடியும் கீழே இறக்கியிருந்தார்கள். கச்சின் தோள் வாரில் எலாஸ்டிக் துளிகூட இல்லை. மணியின் எடை எலாஸ்டிக்கை இழுத்துக்கொண்டே போகும் என்பதால் கெட்டித் துணியில் வார் தைத்து, முதுகில் கொக்கிகளை இரண்டு வரிசையாக வைத்திருந்தார்கள். கொஞ்சம் இளைத்தாலும் பெருத்தாலும் அதே கச்சு பொருந்தும். பட்டை கனமான கேன்வாஸ்மேல் நின்றது. பக்கத்திலிருந்த மலிவான உடுப்பைத் திருப்பினால், ஒரே நூல் வரிசையாக ஓடியது. ஒரு முனையை இழுத்தாலே மணிகள் உதிரும்.

நம் ஊர் ஆரி வேலையை நினைத்துக்கொண்டேன். கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் அந்த வேலை வேகமானது, பார்க்க அழகானது. ஆனால் கடைசி முடிச்சைச் சரியாகப் பூட்டாவிட்டால் வரிசை முழுதும் உருவிக்கொண்டு வந்துவிடும். ரவிக்கையில் அது தாங்கும். நொடிக்கு நொடி குலுங்கும் இடுப்பில் தாங்காது.

கடைக்காரர் கடைசியாகக் காட்டியது விற்பனைக்கு என்பதைவிடக் காட்டுவதற்கு என்று எடுத்த பழைய சால்வை. அஸ்யூத் ஊரின் ‘தல்லி’ வேலை. பருத்தி வலைத்துணியின் கண்களில் தட்டையான உலோக இழையை நுழைத்து, மடித்து, வெட்டி, அழுத்தி, புள்ளி புள்ளியாக ஒட்டகமும் பேரீச்சை மரமும் வரைந்திருந்தார்கள். மடியில் வைத்தபோது ஒரு கைக்குழந்தையின் கனம். விலையைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்தேன். கையால் செய்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது விரல்களுக்குப் புரிந்துவிட்டது.

கூரியா, கயாமியா

அல்-அஸ்ஹர் சாலையைக் கடந்தால் சுல்தான் அல்-கூரி 1500களின் தொடக்கத்தில் கட்டிய மசூதியும் கல்லறை மண்டபமும் எதிரெதிரே நிற்கின்றன. நடுவே கூரியா சந்தை, துணிக்குப் பேர் போனது. உள்ளூர்ப் பெண்கள் கல்யாணச் சீர்த் துணி எடுக்கும் இடம் என்பதால் இங்கே யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. விலை நியாயமாகவே இருந்தது.

சிஃபான் துணியை அளக்கச் சொல்லிவிட்டு நான் கணக்குப் போட்டேன். முழு வட்டப் பாவாடைக்கு, இடுப்பளவை 6.28ஆல் வகுத்தால் இடுப்பு வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 38 அங்குல இடுப்புக்கு ஆரம் 6 அங்குலம். பாவாடை நீளம் 37 அங்குலம் சேர்த்தால் 43. ஆகவே 44 அங்குல அகலத் துணியில் இரண்டு அரைவட்டங்களாக வெட்டலாம். மொத்தம் ஏறக்குறைய நாலரை மீட்டர் வேண்டும். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். சென்னை கோடவுன் தெருவில் மொத்த விலைக்கு எடுக்கும் ஜார்ஜெட் சேலை ஒன்றில் பாவாடையும் கைப்பட்டைகளும் வந்துவிடும். இன்னொரு சேலையைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு முக்காடுத் துணி. சமியா கமால் முக்காட்டைச் சுழற்றிக்கொண்டு மேடைக்கு வரும் அழகை 1940களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்க்கலாம். அதற்குத் தேவை காற்றில் மிதக்கும் லேசான துணிதான். நம் வீட்டு அலமாரியிலேயே அது இருக்கிறது.

கடைக்காரரிடம் காரணத்தைச் சொல்லி, சிஃபான் வேண்டாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. சேலையின் நீளத்தைக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அதை அவரிடமும் சொன்னார்.

தெற்கே, 1092இல் எழுந்த சுவேலா வாசலுக்கு வெளியே, கூரை போட்ட ஒரு தெரு இருக்கிறது. கயாமியா, கூடாரம் தைப்போரின் தெரு. அங்கே தைப்பவர்கள் ஆண்கள். திண்ணை போன்ற மேடையில் சம்மணமிட்டு, மடிமேல் கெட்டிக் கேன்வாஸை விரித்து, வண்ணத் துணித் துண்டுகளை ஓரம் மடக்கி மடக்கித் தைத்துத் தாமரையும் எழுத்தணியுமாக நிரப்புகிறார்கள். துக்கப் பந்தல், கல்யாணப் பந்தல், ரமலான் பந்தல் எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் இந்தத் தெருவின் கைகள்தான் வண்ணம் தந்தன. கான் அல்-கலீலியில் பட்டைக்குள் நான் பார்த்த கேன்வாஸ் போலவே இதுவும் விறைப்பாக இருந்தது. தைப்பவர் ஒருவரிடம் கேட்டேன். “அலங்காரத் துணி எடுப்பாங்க, வெறும் கித்தான் கேக்கற முதல் ஆள் நீங்கதான்” என்று சிரித்துக்கொண்டே வெட்டித் தந்தார். இரண்டு அடுக்கு ஒட்டித் தைத்தால் எந்த இடுப்பிலும் வளையாமல் நிற்கும்.

கீஸா, ஃபைசல் தெரு

பிரமிடை நோக்கிப் போகும் ஃபைசல் தெருவில், சிவப்புச் செங்கல் அடுக்குமாடி ஒன்றின் நான்காவது மாடி. நடனக்காரிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஹாகாவின் வீடு. மெக்கா போய் வந்த மூத்த பெண்களை அப்படித்தான் மரியாதையாக அழைக்கிறார்கள். கூடத்தில் ஒரு தையல் இயந்திரம், ஜன்னலோரம் மணி கோக்கும் மூன்று பெண்கள். அவர்களில் ஒருத்தி சிவப்பு மணிகளைத் தட்டில் கொட்டி, ஊசி முனையால் வரிசையாகக் குத்தி அள்ளிக்கொண்டிருந்தாள். ஏழு மணி, ஒரு முடிச்சு. ஏழு மணி, ஒரு முடிச்சு. தலை நிமிரவே இல்லை.

என் கையிருப்பு எவ்வளவு என்பதை ஹாகாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சாவகாசமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். “விலை என் கையில இல்ல மகளே. 2024 மார்ச்சுல டாலர் 31 பவுண்டிலேர்ந்து 50கிட்டப் போச்சு. மணியும் கல்லும் வெளிநாட்டுச் சரக்கு. எல்லாம் ஏறிடுச்சு. இந்தப் பொண்ணுங்க கூலியைத்தான் நான் கொறைக்க முடியும். அதைச் செய்ய மாட்டேன்.”

எகிப்துக்கு வரும் வெளிநாட்டார் பவுண்டு சரிந்ததால் எல்லாம் மலிவு என்று மகிழ்கிறார்கள். அந்த மலிவு எங்கோ ஒரு ஜன்னலோரத்தில் குனிந்த கழுத்திலிருந்துதான் வருகிறது. குறைந்த பணத்தில் உடுப்பு தேடுகிற என்னைப் போன்றவர்கள் பேரம் பேச வேண்டிய இடம் இதுவல்ல. நமக்குத் தேவையில்லாததை விட்டுவிடுவதில்தான் நாம் மிச்சம் பிடிக்க வேண்டும்.

வழியையும் ஹாகாதான் காட்டினார். முழு பத்லா வேண்டாம். நெட் துணிமேல் மணியும் கல்லும் தைத்த தனித்தனிக் கோலங்களாக வாங்கிப் போ. பட்டையின் நடுவுக்கு ஒன்று, இரண்டு பக்க இடுப்புக்கு ஒவ்வொன்று, கச்சுக்கு இரண்டு. கச்சையும் பட்டையையும் உன் ஊரில் கேன்வாஸ் கொடுத்துத் தைத்து, இவற்றைச் சுற்றிலும் கை ஊசியால் பிடித்துவிடு. அடுத்த வருஷம் நிறம் அலுத்தால் பிரித்து வேறு பட்டைக்கு மாற்றிக்கொள். கண் போகும் இடங்களில் மட்டும் கைவேலை. மற்ற இடமெல்லாம் துணி. கேட்டபோது அவர் சொன்ன விலைக்கு அப்படியே ஒப்புக்கொண்டேன்.

“அப்போ முழு பத்லாவை இங்க யார்தான் வாங்கறாங்க?” என்று கேட்டேன். தோழி சிரித்தார். அவருடைய முதல் பத்லா ‘கம்இய்யா’வில் வந்ததாம். பத்துப் பெண்கள் மாதா மாதம் ஒரே தொகை போடுவார்கள், முறை வந்தவள் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். வட்டி இல்லை, தள்ளு இல்லை, நம்பிக்கைதான் பத்திரம். நம் தெருவில் அக்காமார் பிடிக்கும் சீட்டு அப்படியே நைல் கரையில் நடக்கிறது.

ஹாகா சாப்பிடாமல் போகவிடவில்லை. முலூக்கியா கீரையை மெழுக்கெனக் காய்ச்சி, நெய்யில் சிவந்த பூண்டும் கொத்தமல்லியும் அதில் கொட்டும் நொடியில் அவர் ‘ஹா’ என்று மூச்சை உள்ளிழுத்தார். அப்படி இழுத்தால்தான் கீரைக்கு ருசி என்று மூன்று பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். கோழியும் சோறும் கூட இருந்தன.

இருட்டிய பிறகு கீழ்வீட்டில் மருதாணி இரவு. எங்களையும் இழுத்துப் போனார்கள். மணப்பெண்ணின் அத்தை, எழுபதுக்கு மேல் இருக்கும், கறுப்பு அங்கியோடு எழுந்தார். யாரோ ஒரு துப்பட்டாவை எறிந்தார்கள். அதை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு தர்புகா மேளத்தின் தாளத்துக்கு ஆடத் தொடங்கினார். பாதம் ஓரிடத்தில் நிற்க, இடுப்பு மட்டும் தாளத்தை எண்ணியது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். மணி இல்லை, கல் இல்லை, சமிக்கி இல்லை. ஒரு முடிச்சு மட்டும் சரியான இடத்தில் இருந்தது. நான் பார்த்த ஆட்டங்களில் சிறந்தவற்றுள் அதுவும் ஒன்று.

பூலாக்

நைலோரப் பூலாக் ஒரு காலத்தில் கெய்ரோவின் துறைமுகம். அங்கே உள்ள சந்தையின் பெயர் வகாலத் அல்-பலஹ், பேரீச்சம்பழ மண்டி என்று பொருள். இப்போது பழைய உடுப்புச் சந்தை. கம்பிகளில் ஆயிரக்கணக்கில் தொங்கும் சட்டைகளும் கவுன்களும் தெருவைத் தாண்டி வழிகின்றன. விற்கும் பையன்கள் ஸ்டூல்மேல் ஏறி நின்று விலையைப் பாட்டாகவே கூவுகிறார்கள். மாலை சாயச் சாய விலையும் இறங்குகிறது.

இங்கே நடன உடுப்பைத் தேடக் கூடாது, நடன உடுப்பாக மாறக்கூடியதைத் தேட வேண்டும். மணி தைத்த மாலை விருந்து கவுன்கள் கிடைத்தன. கழுத்திலும் மார்பிலும் உள்ள வேலைப்பாட்டை நெட்டோடு சேர்த்து வெட்டி எடுத்தால் பட்டைக்கு ஆகும். அகலத் தோல் பெல்ட்டுகள், பாசி மாலைகள், உடைந்த வளையல்கள்கூடக் குவியலில் இருந்தன. தேநீர் விற்ற பெண்மணி ஒருவர் நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே நான்கு கடைக்குப் போய்ச் சமிக்கி வைத்த ஒரு நீல கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கூலி வாங்க மறுத்தார். தேநீருக்கு மட்டும் காசு வாங்கினார்.

அன்று மாலை, கெய்ரோவில் சில ஆண்டுகள் ஆடிவிட்டு ஊர் திரும்பும் வெளிநாட்டு நடனக்காரி ஒருவர் தம் உடுப்புகளை விற்கிறார் என்று தோழிக்குச் செய்தி வந்தது. அவர் வீட்டில் ஒரு கருஞ்சிவப்பு பத்லா, புதியதின் விலையில் பாதிக்கும் கீழே. பழைய உடுப்பில் முதலில் பார்க்க வேண்டியது அக்குள் பக்க லைனிங். வியர்வைக் கறை லைனிங்கோடு நின்றிருந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம், துணிக்கு ஏறியிருந்தால் மாற்ற முடியாது. மணி தைத்ததைத் துவைக்க முடியாது. நாடக மேடைக்காரர்கள் செய்வதுபோல வோட்காவில் தண்ணீர் கலந்து உள்பக்கம் தெளித்து, நிழலில் காயப்போட்டால் வாடை போய்விடும் என்று அந்தப் பெண் சொன்னார். வகுப்பில் தனியாக ஆடும் மாணவிக்கென்று அதை எடுத்துக்கொண்டேன்.

அலெக்சாந்திரியா

ராம்சஸ் நிலையத்திலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு ரயில். 1850களில் போட்ட பாதை, ஆப்பிரிக்காவிலேயே முதலாவது. கெய்ரோவின் செங்கல் மாடிகள் முடிந்ததும் டெல்டா தொடங்குகிறது. வாய்க்கால், பேரீச்சை, மாட்டுக்கான பர்சீம் தீவனப் பச்சை, மண்ணால் குழைத்துக் கட்டிய கூம்பு வடிவப் புறாக் கூடுகள். கீழத்தஞ்சை வழியாகப் போகும் ரயிலில் உட்கார்ந்ததுபோல எனக்குத் தோன்றவில்லை. இங்கே பச்சைக்கு எல்லை மிகத் தெளிவாக இருக்கிறது. தண்ணீர் எட்டாத இடத்தில் அடுத்த அடியே மணல்.

மன்ஷியா பகுதியில் ‘ஸன்கத் அஸ்-ஸித்தாத்’ என்ற பெண்கள் சந்தை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பித்தான் வழிவிட வேண்டும். 1920-21இல் நகரத்தை நடுங்கவைத்த ராயா, சகீனா சகோதரிகளின் கொலை வழக்கோடு இந்தச் சந்தின் பெயரையும் சேர்த்தே ஊர் இன்றும் பேசுகிறது. நகை அணிந்த பெண்களை வீட்டுக்கு அழைத்துப் போய்க் கொன்ற வழக்கு அது. இப்போது இங்கே நாடா, நூல், பொத்தான், கல்யாணப்பெண் சாமான்கள். கெய்ரோ முஸ்கியைவிடக் கடைகள் சிறியவை, சாமான் நெருக்கம். ஹாகாவின் கோலங்களுக்குப் பொருத்தமான நூலும் கொக்கியும் இங்கே எடுத்தேன்.

இந்த ஊர்ப் பெண்கள் ஒரு காலத்தில் வெளியே போகும்போது ‘மலாயா லஃப்’ என்ற பெரிய கறுப்புத் துணியை உடம்பில் சுற்றிக்கொள்வார்கள். 1959இல் தொடங்கிய ரேதா நடனக் குழு அதை மேடைக்குக் கொண்டுவந்தது. துணியை இறுக்குவதும் நழுவவிடுவதும் மறுபடி போர்த்துவதுமே ஆட்டம். உடுப்பு என்று பார்த்தால் ஓரத்தில் சுருக்கு வைத்த பூப்போட்ட கவுன், குஞ்சம் கட்டிய தலைத்துணி, ஒரு கறுப்புப் போர்வைத் துணி. எங்கள் நிகழ்ச்சியின் குழு ஆட்டம் இதுதான் என்று அந்தச் சந்திலேயே முடிவு செய்தேன். தலைத்துணிக்குக் குஞ்சம் விற்ற மூதாட்டி, அதை நெற்றியில் எந்தப் பக்கம் முடிய வேண்டும் என்று என் தலையிலேயே கட்டிக் காட்டி, “இப்போ நீ அலெக்சாந்திரியாக்காரி” என்றார். கடற்கரைச் சாலையில் காரமான ஈரல் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே தோழியும் நானும் கணக்கை எழுதி முடித்தோம். ஆளுக்கு 3,000க்குள் நின்றது.

சென்னையில் கச்சும் பட்டையும் தைத்து முடித்துவிட்டோம். இட்லிக் கடை அக்காதான் கொக்கி வைப்பதில் எல்லாரையும் மிஞ்சினார். ஹாகாவின் கோலங்கள் சுற்றிலும் ஊசி ஏறி உட்கார்ந்திருக்கின்றன. குலுக்கிப் பார்த்துவிட்டோம், ஒரு மணி உதிரவில்லை. உடம்பைப் பிடித்து நிற்கும் பகுதிக்கும் கண் போகும் இடத்துக்கும் பணம், காற்றில் பறக்கும் பகுதிக்குச் சேலையும் நம் உழைப்பும். இதுதான் கெய்ரோ எனக்குக் கொடுத்த கணக்கு. கூடவே, வகுப்பில் ஒரு சீட்டு தொடங்கியிருக்கிறோம். மாதம் ஆளுக்கு 500 ரூபாய். முறை வருகிறவர் ஃபைசல் தெரு நான்காம் மாடிக்கு அளவு அனுப்பி, ஹாகா கேட்கும் விலையை முழுதாகக் கொடுத்து, ஒரு முழு பத்லா தைத்துக்கொள்வார். முதல் சீட்டு செவிலியருக்கு விழுந்திருக்கிறது. அவர் மரகதப் பச்சை கேட்டிருக்கிறார்.